எலிவேஷன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம்ங்க. நான் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டில் இருக்கிறேன். தென்னந்தோப்பும் தேங்காய்க் களமும் உண்டு. மகன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். வருகிற மார்ச்சில் நானும் வீட்டுக்காரியும் அம்மாவும் அவனிடம் போகிறோம். பத்து நாள் லீவு போட்டுக் காரில் எங்காவது கூட்டிப் போகிறேன் என்கிறான். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கடற்கரையோரமாகப் போய்ப் புதுக் கட்டிடங்களைப் பார்த்து வந்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மகனிடம் சொன்னதற்கு, “வருஷா வருஷம் புயல் அடிக்கிற ஊருப்பா அது. அங்க எதுக்குக் கட்டறாங்கன்னே எனக்குப் புரியல. அதையும் போய்ப் பார்க்கணுமா?” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா, என்ன பார்க்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி.

இன்னொரு விஷயமும் உண்டு. தோட்டத்துச் சாளை வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டப்போகிறோம். பிளான் வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, வீடு மேற்குப் பார்த்தது. எலிவேஷன் பிரமாதம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் இதற்கு ஏதாவது தெளிவு கிடைக்குமா?

அன்புடன்,
கே., காங்கேயம்

*

அன்புள்ள கே.,

எலிவேஷன் என்ற சொல்லை அந்தக் கடற்கரை நெடுக நீங்கள் கேட்கப்போகிறீர்கள். அங்கே அதற்குப் பொருள் வேறு. நம்மூரில் எலிவேஷன் என்றால் முகப்பு, ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கட்டுவது. மெக்சிகோ வளைகுடாக் கரையில், வீட்டின் தரை எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்ற கணக்குக்குப் பெயர் எலிவேஷன். சர்வேயர் அளந்து கையெழுத்துப் போட்டுத் தருகிற எலிவேஷன் சான்றிதழ் என்றே ஒன்று உண்டு. வெள்ளக் காப்பீட்டுப் பேச்சு வந்தால் அந்தத் தாளின் பேச்சும் கூடவே வரும்.

நான் முப்பது வருடம் கட்டிட வேலையோடு இருந்தவன். 2023 மார்ச்சில் மகளும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனிலிருந்து என்னைக் கூட்டிப் போனார்கள். ஒன்பது நாள், ஒரு வழிக்குச் சுமார் 1,700 கிலோமீட்டர். பெரிய ஆட்கள் கட்டிய முகப்புகளைப் பார்க்கும் ஆசையோடுதான் கிளம்பினேன். மூன்றாம் நாளிலிருந்து கண் தானாகவே வீடுகளின் காலுக்குப் போய்விட்டது. நீங்கள் முதல் நாளிலிருந்தே காலைப் பாருங்கள்.

மார்ச் நல்ல மாதம். அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நெடுஞ்சாலையில் வட்டமான நீலப் பலகைகள் வரும். புயல் வந்தால் ஊரைக் காலி செய்துகொண்டு போக வேண்டிய வழியை அவை காட்டும். மார்ச்சிலும் அவை அங்கேயேதான் நிற்கும். நம் பக்கத்தில் யானை கடக்கும் இடம் என்று சத்தியமங்கலம் காட்டில் பலகை இருப்பதுபோல, அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

முதலில் கால்வெஸ்டன் தீவு. ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம். புதுக் கட்டிடம் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். 1900 செப்டம்பர் 8 அன்று அடித்த புயலில் 6,000 முதல் 8,000 பேர் வரை இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிரை வாங்கிய இயற்கைச் சீற்றம் கிடையாது. தீவின் உயரமான இடமே மூன்று மீட்டருக்குக் குறைவு, வந்த வெள்ளமோ நாலரை மீட்டர். பிழைத்தவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கடல் சுவர் கட்டினார்கள். கட்டிய பிறகு, அதற்குப் பின்னால் இருந்த ஊரையே தூக்கினார்கள்.

தூக்கினார்கள் என்று நான் சொல்வது நிஜமாகவே தூக்கியதை. நம்மூரில் இப்போது ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதே வேலைதான். அங்கே அதை நூற்றுப் பத்து வருடத்துக்கு முன்பே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களுக்குச் செய்து முடித்துவிட்டார்கள். செயின்ட் பேட்ரிக் தேவாலயம் 3,000 டன் எடை. 700 ஜாக்கிகளை அடியில் கொடுத்து ஐந்து அடி உயர்த்தினார்கள். கடல் மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக அடித்து, தூக்கிய இடமெல்லாம் நிரப்பினார்கள். அந்த வருடங்களில் ஜனங்கள் பலகைப் பாலங்களின் மேலே நடந்து கடைக்குப் போய் வந்தார்கள். சொந்த வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரர் தலையில். ஏழைகள் தூக்க வழியில்லாமல் கீழ்த்தளத்தை மணலுக்கு விட்டுவிட்டு மேலே குடியேறினார்கள். கடல் சுவர் முடிகிற இடத்துக்கு மேற்கே காரை ஓட்டச் சொல்லுங்கள். புது வீடுகள் எல்லாம் மரக்கம்பங்களின் மேலே கொக்கு மாதிரி நிற்கும், கார் அடியில் நிற்கும். உங்கள் மகன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தீவில் இருக்கிறது. பிழைப்பு இருக்கிற இடத்தை மனிதர்கள் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை.

மறுநாள் முழுக்கக் கார்ப் பயணம், சாயங்காலம் நியூ ஆர்லியன்ஸ். பழைய பிரெஞ்சுத் தெருக்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் உங்களை அனுப்ப நினைப்பது லோயர் நைன்த் வார்டு என்ற பகுதிக்கு. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் கால்வாய்க் கரைகள் உடைந்து நகரத்தின் எண்பது விழுக்காடு தண்ணீரில் கிடந்தது. அதில் அடியோடு போன பகுதி இது. ஏழைக் கறுப்பினத்தவர்கள் சொந்தமாக வீடு வைத்திருந்த இடம். 2007-இல் நடிகர் பிராட் பிட் ஓர் அறக்கட்டளை தொடங்கி, உலகின் முதல் வரிசைக் கட்டிடக் கலைஞர்களைக் கூப்பிட்டார். ஃபிராங்க் கெரி, ஷிகெரு பான், தாம் மேய்ன், டேவிட் அட்ஜாயே என்று பெரிய பெயர்கள். 150 வீடு என்று திட்டம், 109 கட்டினார்கள்.

எண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாம் மேய்ன் குழு 2009-இல் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தெர்மோகோல் போன்ற பொருளை உள்ளே வைத்து, மேலே கண்ணாடி நாரும் கான்கிரீட்டும் பூசிய அடித்தளம். வெள்ளம் வந்தால் வீடு அப்படியே மிதந்து, இரண்டு கம்பங்களைப் பிடித்துக்கொண்டு 12 அடி வரை மேலே ஏறும், தண்ணீர் வடிந்தால் இறங்கி உட்காரும். பரிசல் மாதிரி. பவானிக்காரனான எனக்கு அது உடனே புரிந்தது.

ஆனால் மற்ற பல வீடுகளின் கதை வேறாகப் போனது. ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் மழை கொட்டுகிற ஊரில் தட்டைக் கூரை போட்டார்கள். எரவாணம் இல்லை, சில வீடுகளில் மழைநீர்த் தகரமும் இல்லை. கண்ணாடிச் சத்து ஏற்றியது, மருந்து தேவையில்லாதது என்று சொல்லப்பட்ட புது வகை மரத்தைப் போட்டார்கள், அது சில வருடங்களிலேயே உளுத்தது. ஒழுகல், பூஞ்சை, மின்கசிவு. 2018-இல் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நான் போனபோது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் படிக்கட்டுக் கைப்பிடி தெருவோரமாகவே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறிய புண்ணாக்கு மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம். நம் கொங்கு நாட்டில் விழுகிற மழை அதில் பாதிகூட இல்லை. அப்படியும் நம் ஆசாரிமார்கள் ஓடுகளை இரண்டடி வெளியே இழுத்து எரவாணம் விடாமல் கூரை முடித்ததில்லை. சுவரில் சாரல் படக்கூடாது என்பது அவர்களுக்குப் பாலபாடம். வெள்ளத்துக்கு அத்தனை யோசித்தவர்கள் தினசரி மழைக்கு யோசிக்கவில்லை. புயல் இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும், மழை வாரா வாரம் வரும். வீட்டைத் தின்றது வாரா வாரம் வந்த மழைதான். அதே ஊரின் பழைய மரவீடுகளைப் பாருங்கள். ஒடுக்கமாக, பின்னோக்கி நீளமாக, செங்கல் குட்டித் தூண்களின் மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில், முன்னால் திண்ணையும் அகலமான எரவாணமும் வைத்து நிற்கும். அவற்றைக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அடுத்து மிசிசிப்பி மாநிலத்து பிலாக்ஸி, ஒன்றரை மணி நேரம். அங்கே கடலைப் பார்த்து ஓர்–ஓ’கீஃப் அருங்காட்சியகம் இருக்கிறது. கெரி வடிவமைத்தது. ஜார்ஜ் ஓர் என்ற மண்பாண்டக் கலைஞரின் வேலைகளுக்காக எழுப்பியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கத்ரீனா வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி அப்போது சூதாட்ட விடுதிகள் தண்ணீரில் மிதந்தாக வேண்டும். அப்படி மிதந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான தெப்பம் ஒன்றைக் கடல் தூக்கி வந்து பாதி எழும்பிய கட்டிடத்தின் மேல் போட்டது. மறுபடி கட்டி 2010 நவம்பரில் திறந்தார்கள். எவர்சில்வர் பானைகளைக் கொஞ்சம் முறுக்கி வைத்ததுபோல உருளைக் கூடங்கள். நடுநடுவே லைவ் ஓக் மரங்கள். கூடங்களைவிட மரங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அவ்வளவு பெரிய அலையிலும் அவை நின்றிருக்கின்றன. நம் தார் ரோட்டுப் புளிய மரம் போலத் தாழ்வாக, அகலமாக, கிளையைத் தரையை நோக்கி விரித்திருக்கும். கட்டிடத்தை மரத்துக்கு இடம் விட்டு ஒதுக்கிக் கட்டியிருப்பது எனக்குப் பிடித்தது. அருகில் போய்த் தகட்டில் உங்கள் முகத்தோடு ஓக் இலைகளும் சேர்ந்து தெரிவதைப் பாருங்கள். அம்மாவுக்கும் பிடிக்கும்.

அங்கிருந்து ஃபுளோரிடாவுக்குள் நுழைந்தால் சீசைட். உங்களைப் போன்றவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஊர். தாத்தா 1946-இல் வாங்கிப்போட்ட 80 ஏக்கர் கடற்கரைக் காடு பேரன் ராபர்ட் டேவிஸ் கைக்கு வந்தது. நம் பக்கமாக இருந்தால் ஆறே மாதத்தில் மொட்டைக் காடாக்கி, கல் நட்டு, சைட் போட்டு விற்றிருப்பார்கள். அவர் மனைவியோடு ஒரு திறந்த காரில் ஏறித் தெற்கத்தி ஊர்களையெல்லாம் சுற்றினார். பழைய வீடுகளில் எது வெயிலுக்குக் குளிர்கிறது, எது காற்று வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். பிறகுதான் ஆந்திரே துவானி, எலிசபெத் பிளேட்டர்–ஸைபெர்க் என்ற கட்டிடக் கலைஞர்கள் இருவரை அழைத்து ஊரை வரைந்தார்கள். 1981-இல் தொடங்கியது. வீட்டுக்கு முன்னால் திண்ணை கட்டாயம். ஒரு தெருவில் ஒரு வீட்டு வேலி போல இன்னொரு வீட்டு வேலி இருக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடலோர மணல் மேட்டை மட்டம் தட்டவில்லை. வீடுகளை அதற்குப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். 1995 அக்டோபரில் ஒபல் புயல் வந்தபோது கடற்கரைக்கு இறங்கும் படிகள் போயின, ஊர் நின்றது. புல் முளைத்த அந்த மணல் மேடு பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். போட்டோ எடுக்கிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று ஊரைத்தான் எடுக்கிறார்கள்.

பக்கத்தில் ஆலிஸ் பீச். அதே இருவர் போட்ட திட்டம்தான், இருபது வருடம் கழித்து. சுவரும் கூரையும் ஒரே வெள்ளை, சுண்ணாம்பு அடித்த கோயில் மதில் மாதிரி கண் கூசும். காப்பீட்டுத் துறையின் ஆய்வு நிறுவனம் வகுத்த ‘ஃபோர்டிஃபைடு’ என்ற, புயல் தாங்கும் தரத்தில் எல்லா வீடுகளும் கட்டியவை. அழகு, வலிமை, எல்லாம் உண்மை. ஆனால் அங்கே வீடு வாங்க கோடீஸ்வரராக இருக்க வேண்டும். காற்றுக்கு எதிராக நிற்பது பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் அதில் என்ன கலை இருக்கிறது என்று வெள்ளைச் சந்துகளில் நடக்கும்போது தோன்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து மாநிலமான அலபாமா இதைக் கொஞ்சம் சரியாகச் செய்கிறது. அதே தரத்துக்குக் கூரையை மாற்றிக்கொள்ளச் சாதாரண வீட்டுக்காரர்களுக்கு 10,000 டாலர் வரை மானியம் தருகிறார்கள், மாற்றினால் காப்பீட்டுக் கட்டணம் குறையும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரைகளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. தெருவில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இனி மெக்சிகோ பீச். பெயரைப் பார்த்து மெக்சிகோவில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள், ஃபுளோரிடாவில் உள்ள சின்ன ஊர். 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் மணிக்கு 257 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இடத்தில் கரையேறியது. ஐந்தே வாரம் கழித்து, நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியது. உங்களுக்கு நினைவிருக்கும். டெல்டாவில் தென்னை சாய்ந்த சேதி கேட்டு நம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சேதியின் கனம் தெரியும்.

மெக்சிகோ பீச்சில் கடலோர வரிசை கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துப் போனது. ஒரு வீடு நின்றது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. மணல் மாளிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். 40 அடி நீளத் தூண்களை மணலுக்குள் இறக்கி, கான்கிரீட் சுவர் வார்த்து, மணிக்கு 250 மைல் காற்றைத் தாங்கும்படி கட்டியது. நேரில் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். முகப்பில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றது அதன் அடியை. புயலில் கீழ்த்தளத்துச் சுவர்களும் வெளிப் படிக்கட்டும் போய்விட்டன. அவை தோற்றுப்போய் உடையவில்லை, உடையட்டும் என்றே கட்டியவை. கரையோர வீடுகளுக்கு அங்கே விதியே அப்படி. கீழே ஒன்றும் இருக்கக்கூடாது, இருந்தால் அலை மோதியதும் கழன்று ஓடிவிட வேண்டும். அது கெட்டியாக நின்றால் அலையின் முழு பலமும் தூணுக்குப் போய், மேலே இருக்கிற வீடு விழும். எதை இழப்பது என்று வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்ட வீடு அது. முப்பது வருடம் வீடு கட்டியவன் நான். எதைக் காப்பாற்றலாம் என்றுதான் எப்போதும் யோசித்திருக்கிறேனே தவிர, எதை விடலாம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த இடத்தில் நின்றபோது அது உறைத்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தச்சரிடம் அனுமதி கேட்டு என்னை உள்ளே கூட்டிப் போனார். ஒவ்வொரு கைமரமும் சுவரில் உட்காருகிற இடத்தில் துத்தநாகம் பூசிய ஒரு தகட்டுப் பட்டை. அது கைமரத்தை அணைத்துக்கொண்டு சுவர்க் கட்டைக்கு இறங்குகிறது. அங்கிருந்து இன்னொரு பட்டை கீழே தளத்துக்கு, தளத்திலிருந்து போல்ட் வழியாகத் தூணுக்கு. கூரை மோட்டிலிருந்து மண் வரை ஒரே சங்கிலி. பட்டையில் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆணி. தச்சர் ஸ்பானிய மொழிக்காரர், எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒரு பட்டையைக் காட்டி, ஆணி விட்டுப்போன ஓட்டை ஒன்றில் சுண்டுவிரலை வைத்து, பிறகு கையை மேலே தூக்கிக் கூரை பறப்பதுபோல் காட்டினார். ஆய்வாளர் வந்து இதையெல்லாம் பார்த்த பிறகுதான் உள்பலகை அடித்து மூட முடியும்.

காற்று கூரையை அமுக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தூக்கும். கூரை மேலே ஓடுகிற காற்று ஓடுகளை உறிஞ்சும். அந்த நேரத்தில் காற்றுக்கு எதிரில் இருக்கிற சன்னலோ கதவோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அதன் பிறகுதான் அங்கே கண்ணாடிக்கே சோதனை வைத்தார்கள். நாலு கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் சன்னல் மேல் எறிவார்கள். கண்ணாடி விரியலாம், திறந்துகொள்ளக்கூடாது.

எங்கள் சாளையில் மேற்குச் சுவரில் சன்னலே கிடையாது. சின்ன வயதில் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், ஏன் என்று கேட்டிருக்கிறேன். “மேக்கால வாசல் வெச்சா காத்து வூட்டுக்குள்ள பூந்து மோட்டத் தூக்கிட்டுப் போயிரும் கண்ணு” என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தத் தச்சர் கையைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு அப்பாரு குரல் கேட்டது.

ஊருக்குள் நடந்தால் இன்னொன்றும் பார்ப்பீர்கள். கார் ஏறுகிற கான்கிரீட் பாதை ஒன்று ரோட்டிலிருந்து தொடங்கிப் புல்லில் முடியும். வீடு இருக்காது. அது மாதிரி நிறைய. பழைய விதிக்குக் கட்டியவர்கள், சம்பளக்காரர்கள், ரிட்டையர் ஆனவர்கள். புது விதிப்படி கட்ட முடியாமல் மனையை விற்றுவிட்டுப் போனவர்கள் அவர்களில் உண்டு. அந்த இடங்களில் காரை நிறுத்திக் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள்.

அங்கிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒரு நாள் ஓட்டம். அங்கே ஓவியர் டாலியின் அருங்காட்சியகம், 2011-இல் திறந்தது. 46 சென்டிமீட்டர் கனத்துக்குப் பூச்சில்லாத கான்கிரீட் பெட்டி, அதைப் பிளந்துகொண்டு 1,062 முக்கோணக் கண்ணாடிகளால் ஆன குமிழ் வெளியே வருகிறது. ஓவியங்கள் எல்லாம் மூன்றாம் தளத்தில். கண்ணாடி விளையாட்டும் காட்ட வேண்டும், புயலும் தாங்க வேண்டும் என்றால் எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. நான் வந்த மறு வருடம், 2024 அக்டோபர் 9 ராத்திரி மில்டன் புயலில் அதே ஊரின் டிராபிகானா ஃபீல்டு விளையாட்டரங்கின் துணிக் கூரை கிழிந்து தொங்கியது. நிவாரணப் பணியாளர்களுக்காக உள்ளே கட்டில் போட்டு வைத்திருந்தார்கள், நல்லவேளையாக ஆட்களை முன்பே மாற்றிவிட்டார்கள். அருங்காட்சியகம் தாங்கி நின்றது. நேரம் இருந்தால் சரசோட்டா வரை போய், பால் ருடால்ஃப் 1953-இல் கட்டிய குடை வீட்டை ரோட்டிலிருந்தாவது பாருங்கள். வீட்டுக்கு மேலே வெயிலுக்காக இன்னொரு மரக்கூரை. அறுபதுகளில் ஒரு புயல் அந்தக் குடையைக் கெடுத்தது, வீடு தப்பியது. 2015-இல் குடையைத் திரும்பக் கட்டினார்கள்.

இப்போது அம்மா விஷயம். இதை நீங்கள் கேட்டதால் நான் இரண்டு நாள் யோசித்தேன். அருங்காட்சியகங்களில் லிஃப்டும் சக்கர நாற்காலியும் கிடைக்கும், கவலை வேண்டாம். ஆனால் கடற்கரையில் தங்குவதற்கு வாடகை வீடு எடுத்தால் பதினைந்து இருபது படி ஏற வேண்டியிருக்கும். எல்லாம் காலின் மேல் நிற்கிற வீடுகள். முன்கூட்டியே கேட்டு, லிஃப்ட் இருக்கிற இடமாக எடுங்கள். கத்ரீனாவில் லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஊரை விட்டுப் போக முடியாதவர்கள், போக மனமில்லாதவர்கள், மாடிக்கு ஏற முடியாதவர்கள். வீட்டை எவ்வளவு உயர்த்தினாலும் ஏறுகிற கால் ஒன்று இருக்கிறது. படி இல்லாமல் சாய்தளம் வைத்த வீடுகளை வழியில் கண்டால் எனக்கு ஒரு படம் அனுப்பி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கண்ணாடி வேண்டாம் என்று சொல்லவில்லை. டாலி அருங்காட்சியகம் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தாராபுரம் ரோட்டில், காற்றாலை சுற்றுகிற நிலத்தில், இரண்டு மாடிக் கண்ணாடியை மேற்கே பார்த்து நிறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும். ரோடு மேற்கே இருக்கிறது என்பது மட்டும்தான் காரணம் என்றால் பிளானைத் திருப்பச் சொல்லுங்கள். சாயங்கால வெயிலும் ஆடிக் காற்றும் ஒரே பக்கம் வருகிற ஊர் நம்முடையது. கண்ணாடியை வடக்கே கொண்டுபோங்கள். மேற்கில் ஆசாரமும் (கூடம்) அதற்கு முன்னால் ஆழமான திண்ணையும் வரட்டும். சன்ஷேட் ஒன்றரை அடி என்று போட்டிருந்தால் இரண்டரை ஆக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் தகர ஷெட் போடுகிற யோசனை கட்டாயம் இருக்கும், இல்லாத வீடே இப்போது நம் பக்கம் இல்லை. கோபி பக்கம் சித்திரை வைகாசியில் வாழையைச் சாய்க்கிற காற்று அந்தத் தகரத்தையும் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஷீட்டைப் பைப்போடு பூட்டும் ஜே போல்ட்டை எல்லோரும் பார்ப்பார்கள். பைப் கம்பத்தோடும், கம்பம் கான்கிரீட்டோடும் எதனால் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். செங்கல் மேல் ஒரு தகடு வைத்து நாலு ஆணி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாளையை இடிப்பதற்கு முன்னால் ஒருநாள் அதன் நாலு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில் சன்னல் இருக்கிறது, எதில் இல்லை, ஓரத்து ஓடுகளை எப்படிச் சுண்ணாம்பு வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று தெரியும்படி எடுங்கள். அந்தப் படங்களையும் புதுப் பிளானையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். நீங்கள் ஹூஸ்டன் கிளம்புவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.